பதினெட்டாம் நம்பர் ஊசி

அறுநூறு ரூபாய் கொடுத்தார்கள்,
கையெழுத்து வாங்கிக்கொண்டு.
ஒன்பதாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு, நான்காவது குழு.
படிவத்தில் முதல் கேள்வி:
உங்கள் வாடிக்கையாளர் யார்?
இல்லத்தரசிகள், வயது இருபத்தைந்து முதல் ஐம்பது
என்று எழுதினாள் ஷிஃபானா.
எல்லாக் குழுவும் அதையேதான் எழுதியிருந்தது.

அவனியாபுரத்தில் காசில்லாமல் கிடைப்பது
வெயிலும் ஃப்ளெக்ஸும்தான்.
விழா முடிந்த மறுநாள்
கம்பிலிருந்து உரித்துச்
சாக்கடையோரம் சுருட்டி வைத்திருப்பார்கள்.
ஒரே காதணி விழாவில் எழுபது முகங்கள்,
தாய்மாமன் மட்டும் ஆளுயரத்துக்கு,
காதில் செல்போன், கண்ணில் கறுப்புக் கண்ணாடி.
அவரைக் குழாயடியில் போட்டுச் சோப்பால் தேய்த்தோம்.
கத்தரித்தால் ஒரு தாய்மாமனில்
இரண்டு பை வரும்.

சாதா ஊசி ஃப்ளெக்ஸில் இறங்காது.
மூன்று உடைந்த பிறகுதான் தெரிந்தது.
பதினெட்டாம் நம்பர் கேள் என்றான் மொக்கராஜ்,
அவன் அப்பா பைக் சீட் தைக்கிறவர்.
நான் நோட்டில் எழுதினேன்:
ஊசி, அறுபது. நைலான் நூல், தொண்ணூறு.
பட்டை, இருநூற்றுப் பதினாறு.
பேனர் கழற்றுகிற அண்ணனுக்கு டீ, வடை, முப்பது.
ஷிஃபானா வீட்டு மிஷின் வாடகை, நூற்று இருபது.
ஐம்பது போதும் என்றார் அவள் அம்மா.
சலுகை வாங்கினால் அடக்கவிலை பொய்யாகிவிடும் என்று
நாங்கள்தான் பிடிவாதமாகக் கொடுத்தோம்.

முதல் பையில் பத்துக் கிலோ அரிசியைப் போட்டு
மைதானத்தைச் சுற்றி நடந்தான் ஜெபசிங்.
மூன்றாவது சுற்றில் பிடி பிய்ந்தது.
புறா வந்தது, காக்கா வந்தது,
பி.டி. சார் வந்தார்.
அதன்பின் பிடிக்கு இரட்டைத் தையல்,
குறுக்கே ஒரு பெருக்கல் குறி.

முகங்கள் உள்ளேயா வெளியேயா
என்று ஒரு சாப்பாட்டு இடைவேளை முழுக்கச் சண்டை.
கலர் வெளியே தெரிந்தால்தான் விற்கும் என்றான் மொக்கராஜ்.
அடுத்த வீட்டு மாமனை யார் தூக்கிக்கொண்டு நடப்பார்கள்
என்றேன் நான்.
உள்ளே என்று முடிவானது, மூன்றுக்கு ஒன்று.

வில்லாபுரம் ஹவுசிங் போர்டு நிறுத்தம்,
சனிக்கிழமை சாயங்காலம்,
காய்கறி வண்டிகளுக்குப் பக்கத்தில்.
விலை அறுபது.
இருபது பை போய்விட்டது. மிஞ்சியது ஒன்று.
ஓர் அம்மா தையலைப் பார்க்க
அதன் உள்பக்கத்தை வெளியே புரட்டினார்.
ஒரு நெற்றி, ஒரு மீசை, சட்டைப்பையில் பேனா.
கீழே ‘கண்ணீ’ வரைக்கும் இருந்தது,
மிச்ச அஞ்சலி வேறு யாருடைய பையிலோ.
அவர் அந்தப் பேனாவை நகத்தால் சுரண்டினார்.
“எங்க வீட்டுக்காரரு” என்றார்.

படிவத்தில் இதற்குக் கட்டம் இல்லை.
சும்மா எடுத்துக்கோங்கம்மா என்றாள் ஷிஃபானா.
“சும்மா வாங்கிட்டுப் போகவா வந்தேன்?
நாப்பது தர்றேன்.”
ஐம்பது என்றான் மொக்கராஜ், வாய் தவறி.
நாற்பத்தைந்துக்கு முடிந்தது.
கத்தரிக்காய், தக்காளி, ஒரு கட்டுக் கொத்தமல்லி
அவர் முகத்தின்மேல் இறங்கின.

வரவு, ஆயிரத்து இருநூற்று நாற்பத்தைந்து.
செலவு, ஐந்நூற்றுப் பதினாறு.
லாபம், எழுநூற்று இருபத்தொன்பது.
ஆளுக்கு நூற்று எண்பத்திரண்டேகால்.
கால் ரூபாயை எப்படிக் கொடுப்பது என்று
அடுத்த சனிக்கிழமையும் பேசிக்கொண்டிருந்தோம்.
அந்த அம்மா திரும்ப வந்தார்,
பிடி ஒரு பக்கம் தொங்க.
“எட்டு நாள் தாங்கலையேப்பா உங்க சரக்கு.”

பார்த்தோம். அந்தப் பக்கம் பெருக்கல் குறியே இல்லை.
யார் தைத்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.

மொக்கராஜ் கோணி ஊசியை எடுத்தான்.
என் மடியில் அவருடைய வெங்காயம்.
பிடி வைக்கிற இடம்
சரியாக நெற்றியில் வருகிறது.
ஊசியை ஒரு விரல் தள்ளி வைத்தான்,
அப்புறம் இன்னொரு விரல்.
“அங்க குத்துனா வெயிட்டுத் தாங்காதுல்ல.
நெத்தியிலயே குத்து. பிடி நிக்கணும்.”

பழுது, ஒன்று.
நூல் செலவு, ஒரு ரூபாய் என்று எழுதினேன்.
ஆளுக்கு நூற்று எண்பத்திரண்டு.