ஒன்பது மணி நேரம் தாமதம்

ரூர்க்கியில் அந்த டிசம்பர்
கால்வாயை யாரோ சுருட்டி எடுத்துப் போய்விட்டதுபோல் இருந்தது.
பாலத்துக் கற்சிங்கத்துக்கு வால் மட்டும் இருந்தது.
மிச்சமெல்லாம் பனி.

இருநூற்றுப் பதினேழாம் அறையில்
மூன்று பேர், இரண்டு கட்டில், ஒரு திருட்டு ஹீட்டர்.
ஹீட்டருக்கு நாங்கள் வைத்திருந்தது
வார்டனின் பெயர்.

போர்வைக்குள்ளிருந்து தீரேந்தர் சொன்னான்:
"அப்பா தேவ்ரியாவில் வண்டி ஏறிவிட்டார்.
ரிசல்ட் பார்க்க வருகிறார்."

பல் துலக்கிக்கொண்டிருந்த ஹர்கீரத்
நுரையை அப்படியே விழுங்கினான்.

பாய்ம இயக்கவியல். இரண்டாம் முறை.
முதல் முறை தேர்வே நடக்கவில்லை,
பேராசிரியருக்குக் காய்ச்சல் என்று
வீட்டில் சொல்லியிருந்தான் தீரேந்தர்.
பேராசிரியர் குணமாக வேண்டி அவன் அம்மா
நாலு செவ்வாய்க்கிழமை விரதம் இருந்தாள்.
ஐந்தாவது செவ்வாய், அவளே போன் செய்து
இப்போது கஞ்சி குடிக்கிறாரா என்று விசாரித்தாள்.

ரயில் விசாரணை எண்ணை மணிக்கொரு தரம் அழைத்தோம்.
மூன்று மணி நேரம் தாமதம் என்றது பெண்குரல்.
அரை மனதாய்க் கைதட்டினோம்.
ஐந்து. ஏழு.
ஒன்பது என்றபோது எழுந்த கூச்சலில்
பக்கத்து அறைக்காரன் ஓடிவந்து
யார் ஜெயித்தது என்று கேட்டான்.

ஆனாலும் எந்த வண்டியும்
ஒரேயடியாய் வராமல் போவதில்லை.

காலை பத்து மணிக்கு வந்து நின்றார்,
சர்க்கரை ஆலையில் கரும்பு லாரி நிறுப்பவர்.
செய்தித்தாளில் சுற்றிய வெல்லக்கட்டி கையில்.
எங்கள் ஒவ்வொருவரையும்
தராசில் ஏற்றியதுபோல் பார்த்தார்.
எடை குறைவு என்று சொல்லவில்லை.

"பலகை எங்கே?" என்றார்.

டீ குடிக்கலாம் என்று தீரேந்தர் இழுத்துக்கொண்டு போக
நாங்கள் இருவரும் முன்னால் ஓடினோம்.
பூட்டிய கண்ணாடிக்குள் பட்டியல்.
உடைத்தால் அபராதம்.
ஹர்கீரத்துக்குத்தான் தோன்றியது:
வாயைத் திறந்து
கண்ணாடிமேல் மூச்சை விட்டான்.
குளிரில் அது உடனே வெளுத்தது.
நானும் விட்டேன்.
பதிண்டா நுரையீரல் அவனுடையது, ஒரே மூச்சில் ஆறு வரி.
எனக்கு இரண்டுதான் முடிந்தது, தலை சுற்றியது.

காவலாளி தடியை ஊன்றி நின்றார்.
"என்னடா செய்கிறீர்கள்?"
"பாய்ம இயக்கவியல்," என்றான் ஹர்கீரத். "செய்முறை."

அவர்கள் வந்துவிட்டார்கள்.
தீரேந்தர் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டு நின்றான்.
அப்பா மஃப்ளரை அவிழ்த்து
வெள்ளையின் மேல் வைத்தார்.
மேலிருந்து கீழாக, மெதுவாக, ஒரு பட்டை.
பெயர்கள் தெரிந்தன.
நடுவில் ஒன்றில் விரல் நின்றது.

"தீரேந்தர் குஷ்வாஹா," என்று வாசித்தார்.
"ரேஷன் அட்டையில் வீரேந்தர்.
வாக்காளர் பட்டியலில் தீரா, பெண், வயது நாற்பது.
இங்கேதான் ஒழுங்காய்ப் போட்டிருக்கிறான்."

மஃப்ளர் வலப்பக்கம் நகர்ந்தது,
ஒரு விரற்கடை.
மதிப்பெண் அங்கேதான் இருந்தது.
எங்கள் மூவரில் யாரும் மூச்சு விடவில்லை,
விட வேண்டிய நேரத்தில்.

பிறகு அவர் மஃப்ளரைக் கழுத்தில் சுற்றிக்கொண்டார்.
"ஈரமாகிவிட்டது," என்றார்.

மதிய வண்டிக்கே திரும்பினார்.
வெல்லத்தை சூடான நூடுல்ஸில் போட்டுத் தின்று
மூவருக்கும் வயிறு கெட்டது.

லாரி வளைவில் திரும்பும்போதே
முள் எங்கே நிற்கும் என்று அப்பா சொல்லிவிடுவார் என
ராத்திரி தீரேந்தர் சொன்னான்,
யாரும் கேட்காமலே.
அப்புறம் புத்தகத்தை எடுத்து
முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தான்.

அதே தாளில் நான்கு வரி கீழே
என் பெயரும் இருந்தது.
நான் போய்ச் சேர்வதற்குள்
அதன்மேல் யாரோ மூச்சு விட்டிருந்தார்கள்.
ஹர்கீரத்தைக் கேட்டேன்.
பனிதான் என்கிறான், இன்றுவரை.