பெட்டியடி

பதினாலு வயசில் எனக்குக் கிடைத்த இடம்
இரும்புப் பெட்டியின் காலடி.
பேரே பெட்டியடிப் பையன்.
கூட்டு, பாயைச் சுருட்டு, மசிக்கூடு கழுவு,
மேலாளுக்கு வெந்நீர், அடுத்தாளுக்கு வெற்றிலை.
பியாப்பம் கிட்டங்கியில்
வரிசையாய்ப் படுத்த எட்டுப் பேரில்
என் தலைமாடு வாசற்படி.
மழை ஐந்து மாசம்.
உலராத வேட்டியை உடுத்தி, உலராமலே அவிழ்த்து
தொடையிடுக்கெல்லாம் படை.
அழுதால் கேட்டுவிடும்.
அழுகையை வாளியோடு
பின்கட்டு ஆற்றங்கரைக்கு எடுத்துப் போவேன்.

மூன்று வருஷக் கணக்கு.
சம்பளம் ஊரில், அப்பச்சி கையில்.

இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் பற்று.
பற்று என்றால் பாசம் என்றிருந்தேன் அதுவரை.
ஒரு நாள் மூணு ரூபாய் உதைத்தது.
அரிக்கேன் விளக்கில் விடிய விடியத் தேடினோம்.
நான் போட்ட ௪, ௧ போல் இருந்ததாம்.
அடுத்தாள் ஏகப்பன்
அடிகோலைத் திருப்பிப் பிடித்து
விரல்மொழியில் மூணு போட்டார்,
ரூபாய்க்கு ஒன்று.

பேரேடு என் கைக்கு வந்த வருஷம்
நெல் விலை விழுந்தது.
நூறு கூடை நூற்றெண்பதுக்குப் போனது
எழுபதுக்குப் போனது.
வட்டிக்கு இறங்கத் தெரியாது.

"பர்மாப் பேச்சு உனக்குத்தான் வருது, போ" என்றார் மேலாள்.
சம்பானில் ஏகப்பனும் நானும்.
என் மடியில் எண்ணெய்த் துணி சுற்றிய பத்திரம்.
ஓடை முழுக்க ஆகாயத்தாமரை;
துடுப்பு விலக்க விலக்க
எங்களுக்குப் பின்னால் மூடிக்கொண்டே வந்தது.

ஊ சான் பா வயலிலிருந்து வந்தார்.
தொடையில் பச்சை குத்திய புலி,
அதற்குக் கீழே சேறு.
அவர் பெண்சாதி மா செயின்
என்னைப் பார்த்ததும் கேட்டாள்:
தமின் சா பீபீலா?
சோறு தின்றாயா.
அந்தப் பாஷையில் வந்தவரைக் கேட்பது அப்படித்தான்.
தெரியும்.
தெரிந்தும் மூன்று வருஷத்தில் முதல் தடவையாக
தொண்டை அடைத்தது.

வாசித்தேன்.
முப்பத்திரண்டு ஏக்கர், களம் ஒன்று,
எருமை ஜோடி நீங்கலாக.
குரல் உடைகிற வயசு.
'எருமை' என்கிற இடத்தில் கீச்சென்று மேலே போயிற்று.
படிக்கட்டில் உட்கார்ந்திருந்த சின்னப் பெண்
கைகொட்டிச் சிரித்தாள்.
யாரும் அதட்டவில்லை.

நாலு எல்லை சொன்னேன். தெற்கு எல்லையில்
மா செயின் குறுக்கே ஏதோ பேசினாள்.
மூங்கில் புதருக்கு அந்தண்டை
அவள் தகப்பனைப் புதைத்திருக்கிறதாம்,
அது பத்திரத்தில் உண்டா என்றாள்.
"என்னங்கிறா?" என்றார் ஏகப்பன்.
"ஒண்ணுமில்லை" என்றேன்.

மை ஒட்டாது என்று
புருஷன் பெருவிரலின் சேற்றை
அவளே லுங்கி முனையால் துடைத்துவிட்டாள்.

ரேகை வைத்தானதும் சோறு வைத்தாள்.
ஏகப்பன் சம்பானுக்குப் போய்விட்டார்.
நான் உட்கார்ந்தேன்.
ஙாப்பி வாடை, கீரைச் சாறு, சூடான சோறு.
எழுந்து போயிருக்கலாம்.
பசித்தது, தின்றேன்.
இரண்டாம் முறையும் வைத்தாள், வேண்டாம் என்று சொல்லவில்லை.
அது என்ன குணமோ,
இந்த வயசிலும் எனக்குப் பேர் தெரியாது.

ராத்திரி பிள்ளையார் சுழி போட்டு
முப்பத்திரண்டு ஏக்கரை வரவு வைத்தேன்.
௩௨. ஒரு கோணல் இல்லை.
மேலாள் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்து
"தேறிட்டே" என்றார்.
என் பாய் வாசற்படியிலிருந்து
பெட்டிப் பக்கம் நகர்ந்தது.

வாசற்படியில் இப்போது வேறொருவன்,
முந்தின கப்பலில் வந்தவன்.
எல்லோரும் படுத்த பிறகு
வாளியோடு பின்கட்டுக்குப் போனான்.
வெகுநேரம்
தண்ணீர் மொள்ளும் சத்தம் கேட்கவில்லை.
எனக்குத் தெரியாதா.
சுவர்ப் பக்கம் புரண்டு படுத்தேன்.