செங்கல் எண் பதினேழு

மாலை ஆறுக்கு ஆரம்பம், காலை ஆறுக்கு முடிவு.
முடிவுக்கோடு என்று ஒன்று கிடையாது.
வேப்பங்கிளையில் கயிறு கட்டி
ஒரு பழைய பள்ளிக்கூட மணி,
அடியில் மடக்கு நாற்காலி போட்டு
கணக்கு நோட்டோடு நூர்ஜஹான்.
கட்டணம் இருநூறு ரூபாய்.
டம்ளர் அவரவர் கொண்டுவர வேண்டும்.

மாடம்பாக்கம் ஏரியை ஒருமுறை சுற்றினால்
இரண்டு கிலோமீட்டர் நூறு மீட்டர்.
தாமோதரன் சக்கரம் உருட்டி அளந்தது.
மூன்று முறை அளந்தாராம், மூன்று விடையாம்,
நடுவில் இருந்ததை வைத்துக்கொண்டாராம்.

இருபத்துமூன்று பேர் கிளம்பினோம்,
பாதிப்பேர் பேச்சை நிறுத்தாமலே.
மழை விட்டு வாரம் ஒன்றாகியும்
மதகுப்பக்கம் சேறு காயவில்லை.
சீமைக்கருவேல முள் ஒன்று
என் இடது ஷூவுக்குள் நான்கு சுற்று
சும்மா உட்கார்ந்து வந்தது.

ஒவ்வொரு சுற்றுக்கும் எண்ணைக் கத்த வேண்டும்.
"பதினேழு!"
நூர்ஜஹான் ஒரு கோடு கிழிப்பாள்.
எங்களோடு ஓடிய கறுப்பு நாய்க்கும்
தனி வரிசை போட்டிருந்தாள்.
அது பதினோரு சுற்று; பிறகு
உருளைக்கிழங்கு வேகும் அடுப்பருகே ஓய்வுபெற்றது.

எபினேசர் என்றொரு பையன்.
முக்கால் மணிக்குள் ஒருமுறை
பின்னாலிருந்து வந்து என்னைத் தாண்டுவான்.
தாண்டும்போதெல்லாம்
"அக்கா, சூப்பர்."
மூன்றாம் தடவை, நல்ல பிள்ளை என்று நினைத்தேன்.
ஏழாம் தடவை, கிண்டல் செய்கிறானோ?
பன்னிரண்டாம் தடவைக்கு
கழுத்தைத் திருப்பித் திருப்பி
அவன் நெற்றிவிளக்கைத் தேட ஆரம்பித்திருந்தேன்.

நள்ளிரவு தாண்டினால் கால் வேறு யாருடையதோ.
மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானம்
ஏரிக்குள்ளும் ஒருமுறை இறங்கிப் போகும்.
தவளைகள் எதையோ ஓயாமல் மறுத்துக்கொண்டிருக்கும்.
கோமளவல்லி ஊற்றிய மிளகு ரசம்
தொண்டை வழியாக முழங்கால் வரை சுட்டது.
"உட்காராதீங்க, எழுந்திரிக்க மாட்டீங்க"
என்று நாற்காலியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.
கருவூல அலுவலகத்தில் கேட்பார்கள்,
எத்தனையாவது வந்தீங்க மேடம் என்று.
வட்டத்தில் முன்னால் போவது யார்,
பின்னால் வருவது யார்?
இந்த பதில் அங்கே எடுபடாது.

மூன்று மணி பத்து நிமிடம்.
எபினேசர் வர வேண்டிய நேரம் எப்போதோ போயிருந்தது.
மதகுத் திட்டில் பார்த்தேன்;
தலையை முழங்காலுக்கு நடுவில் புதைத்திருந்தான்.
காலையில் தின்றதுகூட வெளியே வந்திருந்தது.
பன்னிரண்டு மணிக் கணக்கில் முதன்முறையாக
நான் அவனைத் தாண்டப்போகிறேன்.
"தம்பி, சூப்பர்" என்றேன்.
சிரித்தான்; சிரிப்போடு இன்னொரு வாந்தி.

பையிலிருந்த உப்பு, தண்ணீர், ஒரு கடலைமிட்டாய்.
அப்புறம் இருவரும் நடந்தோம், மெதுவாக,
அவனுக்கு முப்பத்தொன்பதாவது,
எனக்கு இருபத்துநான்காவது,
சேறு இருவருக்கும் ஒன்று.
அம்மா ஊருக்குப் போயிருக்கிறாள் என்றான்,
இட்லி மாவு புளித்துவிட்டது என்றான்,
வேறு எதையும் நாங்கள் பேசவில்லை.
மரத்தடியில் நூர்ஜஹான் கேட்டாள்:
"ரெண்டு கோடும் சேர்த்துப் போடவா?"

ஐந்தே முக்காலுக்கு ஆளுக்கு ஒரு அரைச்செங்கல்,
சாக்பீஸில் அவரவர் எண்.
மணி அடிக்கும்போது எங்கே இருக்கிறோமோ
அங்கே வைத்துவிட வேண்டும்,
தாமோதரன் வந்து அளப்பார்.
செங்கல்லைக் கையில் பிடித்து ஓடினேன்.
இரவு முழுக்க எங்கே ஒளிந்திருந்தது இந்த ஓட்டம்!

மணி.
நின்றேன். எருமைச்சாணத்துக்கு ஒரு முழம் தள்ளி வைத்தேன்.
நிமிர்ந்தால், ஏரியைச் சுற்றி
ஆங்காங்கே ஆட்கள் அப்படியே நிற்கிறார்கள்,
ஒருவர் படுத்தேவிட்டார்,
எதிர்க்கரையில் யாரோ கையசைக்க
யாரென்று தெரியாமல் நானும் அசைத்தேன்.

பால் வாங்க வந்தவர் சைக்கிளை நிறுத்தினார்.
"என்னம்மா, வீடு கட்டுறீங்களா?"
"இல்லைங்க. இதுவரைக்கும் வந்தேன்."
செங்கல்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
பெடலை மிதித்தார்.

வெயில் ஏறியபின் சக்கரம் உருட்டி வந்தார் தாமோதரன்.
"இருபத்தொன்பது சுற்று, முந்நூற்று நாற்பது மீட்டர்."
"இதை நான் எடுத்துக்கட்டுமா சார்?"
"வெச்சுட்டுப் போங்க" என்றார்,
"அடுத்த வருஷத்துக்கு வேணும்."