சொல்லாதே

குளச்சல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்
பழைய எஞ்சினும் பழைய வயர்லெஸ்ஸும் விற்கும் கடையில்
நாலாயிரத்து இருநூறுக்கு வாங்கினேன்
இந்த ஜிபிஎஸ்ஸை.
மூலையில் ஒரு கீறல். திரையில் உப்பு.
துடைத்துவிட்டு அமுக்கினால்
முப்பத்தியோரு இடங்கள்,
முன்பு வைத்திருந்தவன் குறித்தவை,
ஒன்றும் அழிக்காமல்.

ஆங்கில எழுத்தில் தமிழ்:
கலவா. கலவா ரெண்டு. வலை கிழிஞ்சது.
பல்லுவலி.
அதைப் படித்ததும் ஆள் தெரிந்துவிட்டது.
கொடிமுனை தார்சியூஸ்.
கன்னம் வீங்கி, கிராம்பைக் கடித்துக்கொண்டு
ஏலக்கூடத்தில் நின்றவன்.
போன வருஷம் வள்ளத்தை விற்றுவிட்டு
சுங்கான்கடையில் ஏதோ கம்பெனிக் கேட்டில்
காவல் இருக்கிறான்.

கடைசியில், முப்பத்தியொன்றாவது:
சொல்லாதே.

அவன் நம்பர் என் போனில் இருந்தது.
கேட்டிருக்கலாம்.
வேண்டாம் என்று சொல்லிவிடுவானோ என்றுதான்
கேட்கவில்லை.
காசு கொடுத்து வாங்கியது, திருடியதில்லை என்று
வழிநெடுக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.
திருடாதவன் அத்தனை தடவை சொல்ல மாட்டான்.

ராத்திரி ஒன்றரைக்கு
நானும் செலஸ்தீனும் கிளம்பினோம்.
மூன்று மீட்டர் பிசகாமல் கொண்டுவிட்டது கருவி.
ஏழு பாகை சொச்சம்.
மீதி எண்களை எழுத மாட்டேன்.
நாற்பது பாகம் ஆழம்.
பாரும் இல்லை, மடையும் இல்லை, சேறு.
விடியும்வரை தூண்டில் கிடந்தது.
இரையை ஒன்றும் தொடவில்லை.
நீவாடு மட்டும் கயிற்றை மேற்கே இழுத்தது.

"அது மீனு இல்ல மக்கா,"
என்றான் போனில், வெகுநேரம் கழித்து.

அந்தப் புயலுக்கு ஒன்பதாம் நாள்.
நீலச் சட்டை. முகம் முகமாக இல்லை.
கரை சேர்த்தால் ஸ்டேஷன், ஆஸ்பத்திரி, கையெழுத்து,
ஒரு வாரத் தொழில் போய்விடும்;
வட்டிக்காரிக்குப் புயலும் தெரியாது, பிணமும் தெரியாது.
"விட்டுட்டு வந்துட்டேன்டே.
திரும்பி வந்து எடுக்கலாம்னு பட்டன அமுக்குனேன்.
அமுக்குன ஒடனே
எல்லாம் செஞ்சு முடிச்ச மாதிரி இருந்துச்சு.
சோறு தின்னேன். ஒறங்குனேன்."

கடல் வைத்த இடத்தில் வைத்திருக்குமா?
நீவாடு ஓடுவது அவனுக்குத் தெரியும்.
கருவிக்குத் தெரியாது.
யாருமில்லாத ஒரு புள்ளியை
மூன்று மீட்டர் சுத்தமாக
அது காத்துக்கொண்டிருக்கிறது.

நான் ஒன்றும் சொல்லவில்லை.
அவன் விட்டுவந்த இடத்துக்கு
கலவா தேடிப் போனவன் நான்.

அழித்துவிடலாம் என்று எடுத்தேன்.
நிச்சயமா? என்று கேட்டது.
வலை கிழிஞ்சதை அழித்தபோதும்
இதே எழுத்தில், இதே பச்சையில்தான் கேட்டது.
மேலும் கீழும் போன விரல்
'இல்லை'யில் நின்றது.

கோயில் சுவரில்
கிடைக்காதவர்கள் பலகை இருக்கிறது.
பேர், தகப்பன் பேர், வயது.
சட்டை நிறம் எழுதும் வழக்கமில்லை.

செவ்வாய்க்கிழமை சுங்கான்கடைக்கு பஸ் ஏறினேன்.
யூனிபார்மில் நின்றான். தொப்பி காதில் இறங்கியிருந்தது.
"சாமியார்ட்ட சொல்லுவோமா?"
ஒரு காருக்குக் கேட்டைத் திறந்தான்.
மூடினான்.
வண்டி நம்பரை நோட்டில் எழுதினான், நேரமும்.
"நீலச் சட்ட எத்தன வீட்டுல இருந்திருக்கும்," என்றான்.
"எல்லா வீட்டுலயும் ஒரே நாள்ல
மறுபடியும் அழணுமா?"
பதில் தெரியாமல் திரும்பி வந்தேன்.
கண்ணாட்டுவிளை தாண்டும்வரை
இருட்டில் அந்த வீடுகளை எண்ணினேன்.

மூன்றாம் நாள் ஒரு செய்தி:
மிஷின விக்காத.

அதற்கு மறுநாள், விடியற்காலம் நாலு மணிக்கு,
இன்னொன்று:
ஞாயித்துக்கெழம எனக்கு லீவு.