பத்தொன்பதாம் நாள்

எட்டு மாதமாய் ஒரு வரி வரவில்லை.
அதனால் எனக்கு நானே போட்ட ஒப்பந்தம்:
நாளுக்கு ஒரு படம், வேலைக்குப் போகுமுன்.
அழிக்கக் கூடாது.

முதல் நாள் பெர்ரியின் கம்பி, துரு, கொஞ்சம் கடல்.
நாலாம் நாள் என் கட்டைவிரல்.
ஒன்பது, பத்து, பதினொன்று
அதே சாக்கடை மூடி.
பொய் சொல்வானேன், சோம்பல்தான்.
ஆனால் பதினொன்றில்
மூடியின் ஓட்டைகளில் ஒன்று மட்டும்
பச்சையாய் இருந்தது.

"சாக்கடையையா படம் பிடிக்கிற?"
பசியாறி முடித்த நாசி லெமாக் பொட்டலத்தைச்
சுருட்டியபடி மலாயில் கேட்டாள் சியூ லிங்.
பச்சையைக் காட்டினேன். "பாசி" என்றாள்.

இன்று சூலியா தெரு அஞ்சடியில்
வரிசையாய் ஏழு காலணிகள்.
ஏழும் இடது கால்.
கைப்பேசியை எடுத்தேன், உயிரில்லை.

வலது?
"உள்ளே" என்றார் கடைக்கார ஊய்.
"ஒற்றைக்காலை எவன் திருடுவான்?"

இன்றைய கட்டம் காலியாகவே கிடக்கட்டும்.
கோப்பிக்கடை ரசீதின் முதுகில்
நின்றபடியே எழுதினேன்.
பேனாவில் மை வரவில்லை,
கிறுக்கிக் கிறுக்கி வரவழைத்தேன்:

ஏழு பேர்
பாதியை வெயிலில் விட்டுவிட்டு
மீதியோடு உள்ளே
இருட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள்.