ஆறு ஓட்டம், ஐந்து கோடு

புளியரைக்கு மழை கேரளத்திலிருந்துதான் வருகிறது,
சோதனைச் சாவடியில் நிற்காமல்.
லேத் பட்டறை மாடியில்
ஒரு லாரி எஞ்சினை
லாரி இல்லாமல் ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

நிஜ லாரி கீழே நிற்கிறது
வைக்கோல் பாரத்தில் பாதிக்குத் தார்ப்பாய் போர்த்தி.
திவான் மைதீன் சொன்னது மூன்றே வாக்கியம்:
“எஸ் வளைவுல ரெண்டாம் கியரு.
ஆயிரத்து அறுநூறுல மூச்சு முட்டுது.
அதத் தாண்டிட்டா ராசாதான்.”

காற்றை உள்ளிழுக்கும் குழாயின் நீளத்தை
ஐம்பது ஐம்பது மில்லிமீட்டராகக் கூட்டி
ஆறு முறை ஓட்டினேன்.
ஓர் ஓட்டத்துக்குப் பதினோரு நிமிடம்.
அதற்குள் ஒரு சாயா.
அதற்குள் என் கைப்பேசி இருந்த இடத்திலிருந்தே
அடுத்த மாநிலம் போய்த் திரும்பிவிடும்.

பிறகு எல்லாவற்றையும் ஒரே படத்தில் போட்டேன்.
கிடையில் சுழற்சி வேகம், நெடுக்கில் முறுக்குவிசை.
ஆறையும் சிவப்பிலேயே வரைந்தது மென்பொருள்,
தீபாவளிக்கு ஒரே துணியில்
வீட்டுப் பிள்ளைகள் எல்லாருக்கும் சட்டை தைத்த மாதிரி.
ஒவ்வொன்றாகப் பிடித்து நிறம் மாற்றினேன்.
டீசல் செலவையும் சேர்த்தால்
அது தரையோடு தரையாகப் படுத்துவிட்டது.
வலப்பக்கம் தனி அச்சு கொடுத்த பிறகே
எழுந்து உட்கார்ந்தது.

எண்ணினேன்.
பட்டியலில் ஆறு பெயர்
படத்தில் ஐந்து கோடு.
மயில்நீலம் எங்கே?

நானூறின் பச்சையை ஒரு கணம் மறைத்தேன்.
அடியில் கிடந்தது
மயிரிழை பிசகாமல்,
அதே பள்ளத்தோடு.

நானூற்றைம்பதும் நானூறும் ஒன்றா?
நம்பினேன். காரணமும் கண்டுபிடித்தேன்.
அழுத்த அலை, வால்வு மூடும் கோணம் என்று
புனலூருக்குப் போன் போட்டு
விளக்கவும் விளக்கினேன்.
ரெஜிமோன் சார் முழுக்கக் கேட்டுவிட்டு
“ஆணோ?” என்றார்.
அதற்குப் பிறகுதான் திறந்து பார்த்தேன்.
கோப்பின் பெயரை மாற்றியிருக்கிறேன்.
குழாயை மாற்றவில்லை.

இன்னொரு பதினோரு நிமிடம்.
இன்னொரு சாயா.

நீலம் பிரிந்து வந்தது.
பள்ளம் போகவில்லை, நகர்ந்திருந்தது
ஆயிரத்து முந்நூறுக்கு.
எந்த நீளத்திலும் அது போகவில்லை,
இடம்தான் மாறுகிறது.

தாளை எடுத்துக்கொண்டு இறங்கினேன்,
மன்னிப்புக் கேட்கும் முகத்தோடு.
மைதீன் கிரீஸ் நகத்தால்
நீலக் கோட்டில் மெல்ல ஏறினார்.
“இது கோட்டவாசல் ஏத்தம்.
இந்தப் பள்ளம் எங்கன வருது தெரியுமா, சாயாக்கடைத் திருப்பம்.
அங்க நான் எப்பவும் மொத கியருதான்.
கெடக்கட்டும்.”
டீசல் கொஞ்சம் கூடக் குடிக்கும் என்றேன்.
“இங்கனயே ரொப்பிக்கிடுதேன். அங்க வெல கூட.”

புதுக் குழாய் திங்கட்கிழமைதான் ஆகும்.
மழை வெறித்ததும் பழையதோடே கிளம்பிப் போனார்.
கோப்புகளுக்குச் சரியான பெயர் வைத்துக்கொண்டிருந்தேன்.
மலைப்பக்கமிருந்து கேட்டது
நானூறு மில்லிமீட்டர்.
ஆயிரத்து அறுநூறு.