பதினொரு நாள் தரை

இடுப்பு மூட்டு மாற்றப் போகிறவர்களுக்கு
இரண்டாம் மாடியில் எதற்கு வகுப்பு
என்று கேட்டார் ஒருவர் லிஃப்டுக்குள்.
லிஃப்ட்காரர் எங்கள் கால்களை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு
பொத்தானை அழுத்தினார்.

ஏழு பேர். மூலையில் சாய்ந்து
கைத்தடிகள் தனியாக ஒரு கூட்டம் போட்டன.
பெனிட்டா, இருபத்தைந்து வயதிருக்கும்,
பலகையில் எழுதினாள்:
கால்மேல் கால் போடக் கூடாது.
விழுந்ததைக் குனிந்து எடுக்கக் கூடாது.
தரையில் உட்காரக் கூடாது.
தரைக்கு மட்டும் இரண்டு அடிக்கோடு.

"எழவு வீட்லகூடவாம்மா?" என்றார் சடையன்,
ஏற்காட்டுக் காப்பிச் சரிவுகளில்
ஒரு காலை மடக்கியே நின்று தேய்ந்தவர்.
"அங்கயும் சேர்தாங்க ஐயா."
ஊரில் மொத்தம் எத்தனை சேர் என்று
அவர் விரல்கள் எண்ணத் தொடங்கின.

பந்தும் கிண்ணமுமாக அந்த மூட்டு
கைமாறி வந்தது.
சிவதாபுரம் கொலுசுப் பட்டறை அங்கமுத்து
உள்ளங்கையில் ஏந்தி இருமுறை தூக்கிப் பார்த்து
"நூத்தி எண்பது கிராம்,
மிஞ்சிப்போனா அஞ்சு கூட" என்றார்.
சேதாரம் எவ்வளவு என்றது பின்வரிசை.
அரை நிமிடம் அறையில் யாருக்கும் வலியில்லை.
என்னிடம் வந்தபோது இரும்பு சூடாயிருந்தது,
ஆறு பேரின் சூடு.

முப்பத்தொரு வருடம் விசில் ஊதியவள் நான்.
சுண்ணாம்புக் கரட்டின் வெள்ளைத் தூசி படியும் மைதானத்தில்
நேர் நில், இலகு நில்.
இலகு நில் என்று கத்திய ஒரு நாளும்
நான் இலகுவாக நின்றதில்லை.

வாக்கர், பிறகு நோகும் கால், பிறகு நல்ல கால்.
முதல் ஆளாக எழுந்தேன்.
ஐந்தே எட்டில் கதவைத் தொட்டேன்.
"ஓட்டப் பந்தயம் இல்லம்மா"
என் பெயருக்கு நேரே பென்சிலால் ஏதோ குறித்தாள்.
சடையன் பதினெட்டு எட்டு வைத்தார்,
ஒவ்வொன்றும் மழை நின்ற பாறையில் வைப்பதுபோல.
கைதட்டல் அவருக்குத்தான்.

படியேற நல்ல கால் முதலில்,
இறங்க நோகும் கால் முதலில்.
"மேல போக மூத்த மருமக, கீழ வர இளையவ,
நான் அப்படி ஞாபகம் வச்சுக்கறேன்"
காதோரம் சொன்னார் குகை தௌலத் பீ.
நல்ல கால் மூத்தவளா என்றேன்.
சிரித்தார். பதில் இல்லை.

கடைசியாகப் படிவம்.
ரத்த வகை, சர்க்கரை, பல்செட் உண்டா.
உடனிருப்பவர் என்று ஒரு கட்டம்.
அதை வீட்டில் நிரப்பிக் கொண்டுவருகிறேன் என்றேன்.
வீட்டில் யாரிடம் கேட்டு நிரப்ப?

அஸ்தம்பட்டி வந்து சேர்ந்து
காலண்டரைப் பார்த்தேன். பதினொரு நாள்.
அதுவரை தரை என்னுடையதுதானே.
கட்டில் காலைப் பிடித்து
விரல் விரலாக இறங்கினேன்.
பல்லைக் கடித்துச் சம்மணம் போட்டேன்,
பாதிச் சம்மணம்.
மொசைக் குளிர்ந்திருந்தது.
தட்டுவடை செட் பொட்டலத்தைப் பிரித்து
தரையில் வைத்தே தின்றேன்,
பீட்ரூட் துருவல் சிந்தச் சிந்த.

எழுந்திருக்கத்தான் முடியவில்லை.

நல்லவேளை, போன் கைக்கெட்டியது.
"என்ன டீச்சர் இந்நேரத்துல?"
"தரையில உக்காந்துட்டேன்."
அந்தப் பக்கம் மின்விசிறி மட்டும் கேட்டது.
பிறகு தணிந்த குரலில்:
"நானும்தான்.
ரெண்டு வருஷமா நாற்காலியில தொழுதாச்சு.
இன்னிக்கு ஒருதரம் தரையில நெத்தி வைக்கலாம்னு.
மருமக ரெண்டும் கல்யாணத்துக்குப் போயிருக்கு."

வெகுநேரம் பேசினோம், எழுவதைத் தவிர
எல்லாவற்றையும்.
விசில் இருந்தால் ஊதுவேன் என்றேன்.
"வாயாலேயே ஊதுங்க."
உதட்டைக் குவித்தேன். காற்றுதான் வந்தது.
மறுமுனையில் ஏதோ கட்டில்
கிரீச்சென்றது.